உறைபனியில் கூஸ் வாத்துக்கு என்ன போடுவது?

"அக்கா, பனிக்கு எவ்வளவு மக்காச்சோளம் போடணும்?"

ஊட்டியில் தலைகுந்தாப் பக்கம் புதிதாகக் கூஸ் வாத்து வாங்கியவர்கள் கார்த்திகை பிறந்ததும் என்னிடம் வந்து கேட்பது இதைத்தான். "அது இருக்கட்டும், பச்சைத் தீனிக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது.

நான் பிறந்து வளர்ந்தது கோபிசெட்டிபாளையம். அங்கே வாத்து என்றால் அறுவடை முடிந்த வயலில் கூட்டம் கூட்டமாக இறங்கி, சிந்திய நெல்லையும் நத்தையையும் பொறுக்கும் நாட்டு வாத்து. கல்யாணமாகி மலைக்கு வந்த பிறகுதான் கூஸை நெருங்கிப் பார்த்தேன். பார்க்க அதுவும் வாத்துதான், வயிறு வேறு. இறகு முளைத்த ஆடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் அலகைத் திறந்து பார்த்தால் ஓரம் முழுக்க ரம்பம் போலப் பல் பல்லாக இருக்கும். புல்லைக் கவ்வி அறுப்பதற்காகவே அப்படி. கோழிக்கு இருப்பது போலப் பை மாதிரி தொங்கும் தீனிப்பை இதற்குக் கிடையாது, தொண்டைக் குழாயின் கீழ்ப்பகுதி கொஞ்சம் விரிந்து கொடுக்கும், அவ்வளவுதான். மேய்ந்தது வேகமாக உள்ளே போய் வேகமாக வெளியே வரும். அதனால்தான் நாள் முழுக்க மேய்ந்துகொண்டே இருக்கிறது. வாசல் முழுக்க அசிங்கம் பண்ணுவதும் அதனால்தான்.

எங்களிடம் இருப்பவை சீன வகை. மூக்குக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் குமிழ் வைத்த வெள்ளை வாத்து. ஆண் 2, பெட்டை 5. நன்றாக வளர்ந்த ஆண் ஐந்தரைக் கிலோ வரை வரும், பெட்டை நாலரை. சித்திரையிலிருந்து ஐப்பசி வரை இவற்றுக்கு நான் பெரிதாக எதுவும் செய்வதில்லை. முப்பது சென்ட் நிலத்தில் கிகுயு புல்லும் அதற்கிடையே வெள்ளைக் குளோவரும் கிடக்கின்றன. பகலெல்லாம் மேயும், சாயங்காலம் கொட்டிலுக்குள் வரவழைக்க ஆளுக்கு ஒரு பிடி கோதுமை.

முதலில் நீர்ப்பனி வரும். அதுவரை கவலையில்லை. மழை விட்டு வானம் தெளிந்த பிறகு ஒரு ராத்திரி உறைபனி இறங்கும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் இது. தலைகுந்தா, காந்தல் மாதிரிப் பள்ளமான இடங்களில் குளிர் பூஜ்யத்தைத் தொடும், சில ராத்திரி அதற்கும் கீழே இறங்கும். காலையில் புல்வெளி உப்பு கொட்டியது போல வெள்ளையாக இருக்கும். நாலைந்து நாள் அப்படியே இறங்கினால் கிகுயு தீய்ந்து பழுப்பாகிவிடும். அப்போதும் வாத்து மேய்ந்துகொண்டுதான் இருக்கும். அதைப் பார்த்துத்தான் நாம் ஏமாறுகிறோம். தீய்ந்த புல்லில் நார் இருக்கிறது, சத்து இல்லை.

முதல் வருஷம் நானும் ஏமாந்தேன். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று முழு மக்காச்சோளமும் மீந்த சோறுமாகக் கொட்டினேன். நாலு வாத்தும் தை மாதத்தில் தரையைத் தொடுகிற வயிற்றோடு ஆடி ஆடி நடந்தன. "பொங்கலுக்கு நல்லா தேறிடுச்சு" என்று வீட்டுக்காரருக்குப் பெருமை. மாசியில் 11 முட்டை அடைக்கு வைத்தேன். பொரித்தது 2. கொழுத்த ஆண் சரியாக இணை சேராது, கொழுத்த பெட்டையின் முட்டையில் கரு பிடிப்பது குறைவு என்று அப்புறம்தான் தெரிந்தது.

அதே குளிரில் ஒரு பெட்டை போனது. தப்பு என்னுடையதுதான். மக்காச்சோள மூட்டையைக் கொட்டகையில் வெறும் மண் தரையில் வைத்திருந்தேன். அடி ஈரம் ஏறி, அடியிலிருந்த சோளம் லேசாகக் கட்டி தட்டியிருந்தது. கையால் உதிர்த்துவிட்டுப் போட்டேன். இரண்டு நாள் கழுத்தைச் சுருக்கி ஓரமாக நின்றது, மூன்றாம் நாள் எழுந்திருக்கவில்லை. அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர் வெளிறி வீங்கிய ஈரலைக் காட்டி, "பூஞ்சை நஞ்சுங்க. கோழி தாங்குற அளவைக்கூட வாத்து இனம் தாங்காது" என்றார். இன்றைக்கு என் மூட்டைகள் மரச்சட்டத்தின் மேல், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி இருக்கின்றன. பதினைந்து நாளைக்கு வேண்டியதை மட்டுமே மேட்டுப்பாளையத்திலிருந்து வாங்கி ஏற்றுகிறேன். கையை மூட்டையின் நடுவில் விட்டுப் பார்ப்பேன். சூடாகவோ பிசுபிசுப்பாகவோ இருந்தால், மக்கிய வாடை அடித்தால், குப்பைக்குழிதான். கடலைப் புண்ணாக்கை அந்த வருஷத்தோடு நிறுத்திவிட்டேன். நல்ல சத்துதான், ஆனால் இந்தப் பூஞ்சைக்கு அது சொந்த வீடு மாதிரி.

பச்சையை முதலில் தேடுங்கள்

தானியத்தைக் கடையில் வாங்கிவிடலாம். பச்சையைத்தான் கார்த்திகைக்கு முன்பே யோசிக்க வேண்டும். குளிரில் ஒரு வாத்துக்கு ஒரு நாளைக்கு அரைக் கிலோவுக்குக் குறையாமல் ஏதாவது பச்சையாக உள்ளே போக வேண்டும் என்பது என் கணக்கு. ஏழுக்கு மூன்றரைக் கிலோ. கேட்கும்போது அதிகமாகத் தெரியும். இலையில் பெரும்பகுதி தண்ணீர்தானே, முட்டைக்கோஸில் நாலு பெரிய தலை அந்த எடை வந்துவிடும்.

நீலகிரியில் இருப்பவர்களுக்கு இதில் அதிர்ஷ்டம். கேரட் கழுவும் இடங்களில் உடைந்ததும் கால் பிளந்ததும் ஓரமாகக் குவிந்திருக்கும். கேட்டால் சாக்கு நிறையத் தருவார்கள். முள்ளங்கித் தழை, நூல்கோல் இலை, முட்டைக்கோஸின் வெளி இலை, பட்டாணிக் கொடி, லெட்டூஸ் எல்லாமே தின்னும். கேரட்டை நீளவாக்கில் குச்சி குச்சியாக நறுக்குங்கள் அல்லது தேங்காய்த் துருவியில் சீவுங்கள். வட்டமாக நறுக்கினால் வழுக்கிக்கொண்டு போகிறது, கோபத்தில் ஒன்றையொன்று கொத்துகின்றன. முட்டைக்கோஸை மட்டுமே தினமும் போடாதீர்கள், மாற்றி மாற்றிப் போடுங்கள். பீட்ரூட் கீரை வாரத்துக்கு ஒரு நாள் போதும். அதிலிருக்கும் ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். பீட்ரூட் கிழங்கு போட்ட மறுநாள் எச்சம் சிவப்பாக இருக்கும். ரத்தம் என்று பயந்து யாருக்கும் போன் பண்ண வேண்டாம், நான் பண்ணியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் கேட்காமல் வாங்காதீர்கள். பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருநாள் பெரிய கூடை நிறைய முட்டைக்கோஸ் இலை கொண்டுவந்தான்.

"மருந்து அடிச்சு எத்தனை நாள் ஆச்சு?"

"முந்தாநாள்தான் அக்கா."

கூடையை அப்படியே எருக்குழியில் கவிழ்க்கச் சொன்னேன். அவனுக்கு முகம் சுண்டிவிட்டது, ஆனால் மருந்து முதலில் விழுவது அந்த வெளி இலையில்தான். நாம் உரித்துப் போடும் இலையைத்தான் வாத்து முழுசாகத் தின்கிறது. அடித்த நாளைக் கேளுங்கள். மருந்து டப்பாவில் அறுவடைக்கு எத்தனை நாள் காத்திருக்கச் சொல்லியிருக்கிறதோ அத்தனை நாளாவது தாண்டியிருக்க வேண்டும். அப்புறம் கழுவிப் போடுங்கள். இப்போது அவனே, "இது இருபது நாள் ஆச்சு அக்கா" என்று சொல்லிக்கொண்டேதான் கூடையை இறக்குகிறான்.

நீளமான புல், வைக்கோல், காய்ந்த தட்டு எதுவானாலும் இரண்டு விரற்கடைக்குள் நறுக்கிப் போடுங்கள். நார் முற்றிய நீளப் புல் தொண்டைக் குழாயில் சுருண்டு அடைத்துக்கொள்ளும். சமவெளியில் யாராவது தெரிந்தவர் இருந்தால் குதிரைமசால் என்கிற தீவனப் பயிர் காயவைத்தது ஒரு சாக்கு வரவழையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் இலை விரிந்து பச்சை வாடை வரும். ஏழு வாத்துக்கு இரண்டு பிடி போதும். பச்சை குறைகிற நாட்களில் கைகொடுக்கும். கொஞ்சம் இடம் இருப்பவர்கள் புரட்டாசியில் தீவன ஓட்ஸ் விதைத்துவிடுங்கள். லேசான உறைபனியை அது தாங்கும், கார்த்திகையிலிருந்து அறுக்கலாம். தண்ணீரில் மிதந்து வளரும் அசோலாவை நம்பிவிடாதீர்கள். கோவையில் கொழிக்கும், இங்கே மார்கழியில் செம்பழுப்பாகிச் சுருங்கிவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த வழி முளைக்கவைப்பது. ஒரு கிலோ கோதுமை எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக் கோதுமையாக இருக்கட்டும், விதைக்கடையில் நிறம் ஏற்றி மருந்து கலந்து விற்பதைத் தொடக்கூடாது. ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, காலையில் வடித்து, ஈரத்துணியில் கட்டி அடுப்படியில் தொங்கவிடுங்கள். மூக்கு விட்டதும் அடியில் ஓட்டை போட்ட தட்டில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, நாளைக்கு மூன்று தடவை தண்ணீர் தெளியுங்கள். கோபியில் அம்மா வீட்டில் ஏழு நாளில் ஒரு சாண் வளர்ந்தது. இங்கே அடுப்புக்கு மேல் பரணில் வைத்தும் பத்துப் பதினோரு நாள் ஆகிறது. அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு தட்டு தொடங்கி வரிசையாக வைத்துக்கொள்கிறேன். கிலோவுக்கு நாலைந்து கிலோ பச்சை கிடைக்கும். பாய் போல வேரோடு பின்னிக்கொண்டு வரும். அதைக் கிழித்துக் கிழித்துப் போட்டால் வேர், விதை, இலை எதையும் மிச்சம் வைக்காது.

மூன்றாம் நாள் வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு மாதிரி தெரியும். நிறையப் பேர் பூஞ்சை என்று கொட்டிவிடுகிறார்கள். தண்ணீர் தெளித்துப் பாருங்கள். வேர்த்தூவியாக இருந்தால் படிந்து மறைந்துவிடும். பூஞ்சையாக இருந்தால் மறையாது, ஒரு விதையிலிருந்து இன்னொரு விதைக்குச் சிலந்தி வலை போலத் தாவியிருக்கும், புளித்த வாடையும் வரும். அப்படி என்றால் அந்தத் தட்டையே எருக்குழிக்குக் கொண்டுபோங்கள், நல்ல பகுதியை மட்டும் எடுத்துப் போடலாம் என்று யோசிக்க வேண்டாம்.

தானியம்

பச்சை சரியாகப் போனால் தானியம் ஒரு வாத்துக்கு ஒரு நாளைக்கு 150 கிராம் போதும். உறைபனி உச்சத்தில் இருக்கும் வாரங்களில் 200 வரை ஏற்றுவேன். அதற்கு மேல் போடுவது நம் மனத் திருப்திக்குத்தான்.

என் கலவை 10 கிலோவுக்கு: உடைத்த மக்காச்சோளம் 3 கிலோ, கோதுமை 3, கம்பு ஒன்றரை, கோதுமைத் தவிடு ஒன்றரை, சோயா புண்ணாக்கு 1 கிலோ. இது ஏறக்குறைய 14 முதல் 15 சதவீதம் புரதம் வரும். முட்டையிடாத பெரிய வாத்துக்கு அது சரியான அளவு. கோழிக்கான தாது உப்புக் கலவையைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுக்குச் சேர்க்கிறேன். தவிடும் புண்ணாக்கும் தூளாக மூக்கில் ஏறாமல் இருக்க, போடும்போது கொஞ்சம் வெந்நீர் தெளித்துப் பிசிறுவேன். புட்டு மாவு பதம். களி பதத்துக்குப் போனால் அலகில் ஒட்டிக் காய்ந்துவிடும். பிசிறியது அன்றைக்கே தீர வேண்டும்.

முழுசாகப் பிரித்தால், காலையில் மூன்றில் ஒரு பங்கு, மாலையில் இரண்டு பங்கு. நீண்ட குளிர் ராத்திரியைத் தாண்ட வயிற்றில் ஏதாவது அரைந்துகொண்டிருக்க வேண்டும். மாலைத் தீனியை வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுவேன். சிந்தின தானியத்துக்கு எலி வரும், காட்டுப்பன்றி வரும். சிறுத்தை தானியத்துக்கு வராது, வாத்துக்கு வரும். ஆறு மணிக்குக் கொட்டில் கதவு சாத்தியாக வேண்டும்.

முட்டைக்கோழித் தீவனம் சுலபமாகக் கிடைக்கிறதே என்று குளிர் முழுக்க அதைப் போடுகிறவர்கள் உண்டு. அதில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை, நாலு சதவீதம் இருக்கும். முட்டையிடாத பெட்டைக்கும் ஆணுக்கும் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். கடைத் தீவனம்தான் வேண்டுமென்றால் வளரும் கோழிக்கான குரோயர் தீவனம் வாங்குங்கள், மருந்து கலக்காததாகக் கேட்டு வாங்குங்கள். சுண்ணாம்புச் சத்துக்குக் கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். எதற்கு வேண்டுமோ அது தின்னும். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கிண்ணத்தில் கரடுமுரடான ஆற்று மணலும் பொடிக் கல்லும். பல் இல்லாத பறவைக்கு அரைவைப்பையில் இருக்கிற கல்தான் அம்மி. தரை உறைந்து கிடக்கும் நாட்களில் அதுவாகப் பொறுக்கிக்கொள்ள முடியாது.

தண்ணீர்

இதில் சமரசமே கிடையாது. தண்ணீர் இல்லாமல் உலர்ந்த தீனி போட்டால் விக்கிக்கொள்ளும். வெறும் குடிக்கிற கிண்ணமும் போதாது. தலை முழுக்க முங்கி மூக்கையும் கண்ணையும் கழுவிக்கொள்கிற ஆழம் வேண்டும், ஒரு சாணாவது. நான் நீல பிளாஸ்டிக் டிரம்மைக் குறுக்கே அறுத்து வைத்திருக்கிறேன். ராத்திரி கவிழ்த்துவிடுவேன். காலையில் அதில் இரண்டு வாளி குளிர்ந்த தண்ணீரும் ஒரு வாளி வெந்நீரும் ஊற்றினால் கைக்கு இதமாக இருக்கும். ஏழும் ஒரே நேரத்தில் தலையை முக்கி எடுத்துச் சிலுப்பும், நான் நனைந்துவிடுவேன். தொட்டி கொட்டிலுக்கு வெளியே, வெயில் விழுகிற இடத்தில் இருக்கட்டும். உள்ளே வைத்தால் படுக்கை வைக்கோல் நனைந்து பூஞ்சை பிடிக்கும், அது நுரையீரலுக்கு ஆபத்து.

காலைக் கோதுமையை அந்தத் தண்ணீருக்குள்ளேயே போட்டுவிடுவேன். முங்கி முங்கி எடுத்துத் தின்னும். காக்காயும் மைனாவும் திருட முடியாது. கால் மணி நேரத்தில் தீராத கோதுமை இருந்தால் அளவு அதிகம் என்று அர்த்தம். வடித்துவிடுங்கள், தண்ணீரில் கிடந்து புளிக்க விடாதீர்கள்.

புல்வெளிக்கு எப்போது திறந்துவிடுவது? பனி உருகிய பிறகு. எங்கள் இடத்தில் ஒன்பது, ஒன்பதரை ஆகும். உறைந்த புல்லை அப்படியே தின்றால் வயிறு கழிகிறது, எங்களிடம் இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

போடக்கூடாதவை

வர்க்கி. ஆமாம், ஊட்டி வர்க்கிதான். சுற்றுலா வருகிறவர்கள் வேலிக்கு வெளியே நின்று வீசுவார்கள், வாத்தும் ஓடிப்போய்த் தின்னும். மைதாவும் கொழுப்பும் தவிர அதில் ஒன்றும் இல்லை. ரொட்டி, பன் எல்லாம் அதே கணக்கு. வயிறு நிறைந்துவிடும், பச்சையைத் தொடாது. குஞ்சுகளுக்கு இப்படிப்பட்ட தீனி போனால் இறக்கை நுனி வெளிப்பக்கம் திருகி நின்றுவிடும், பெரிதான பின் சரியாகாது. வேலியில் நான் தொங்கவிட்ட பலகையில், "வர்க்கி எங்களுக்கு, கேரட் வாத்துக்கு" என்று எழுதியிருக்கிறேன். கீழே ஒரு கூடையில் நறுக்கிய கேரட். அதன் பிறகு தொல்லை பாதியாகக் குறைந்தது.

பச்சையாகிப்போன உருளைக்கிழங்கும் அதன் முளையும் தோலும் விஷம். இந்த ஊரில் உருளைக்கிழங்கு எங்கும் கிடக்கும் என்பதால் சொல்கிறேன். குன்னூர்ப் பக்கம் பட்டர் ஃப்ரூட் மரம் வைத்திருப்பவர்கள் விழுந்த பழத்தையும் இலையையும் கூட்டித் தள்ளுங்கள், பறவைகளுக்கு அது ஆகாது. வேலியோரம் மணி மாதிரி தொங்கும் பூ பூக்கிற ஊமத்தை வகையையும் வெட்டிவிடுங்கள். வேகாத பயறு, உப்புப் போட்ட பண்டம், ஊறுகாய் கழுவிய தண்ணீர் எதுவும் வேண்டாம்.

கையால் பாருங்கள்

இறகு அடர்ந்த பறவை. கண்ணால் பார்த்தால் இளைத்ததும் தெரியாது, கொழுத்ததும் தெரியாது. மாதம் ஒருமுறை ராத்திரி கொட்டிலில் ஒவ்வொன்றாகப் பிடித்து, நெஞ்சின் நடு எலும்பை விரலால் தடவுவேன். கத்தி முனை போல உறுத்தினால் இளைப்பு. எலும்பே தட்டுப்படாவிட்டால் கொழுப்பு. லேசாகத் தட்டுப்பட்டு இரண்டு பக்கமும் சதை மேடாக இருந்தால் சரி. அப்புறம் சாக்கில் போட்டுத் தொங்கு தராசில் நிறுத்து, காலண்டரில் எழுதிவிடுவேன். பெரிய ஆண் ஒவ்வொரு மாதமும் என் முழங்கையைக் கடிக்கும். வீட்டுக்காரர் டார்ச் பிடிக்கிற வேலையைத் தாண்டி முன்னேறியதில்லை.

எச்சமும் சொல்லும். பச்சையாக, உருண்டு, நுனியில் வெள்ளையோடு விழுந்தால் நல்லது. நாள் முழுக்கத் தண்ணீராகப் போனால், மஞ்சளாகப் போனால், தீனியை யோசியுங்கள். இரண்டு நாளில் மாறாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

என் பெட்டைகள் தைக் கடைசியில் முட்டையிடத் தொடங்கும். அதற்கு ஒரு மாதம் முன்பே, மார்கழிக் கடைசியில், கலவையை மாற்றுகிறேன். மக்காச்சோளத்தில் அரைக் கிலோ குறைத்து, சோயா புண்ணாக்கை ஒன்றரைக் கிலோவாக்கினால் புரதம் பதினாறரை சதவீதத்துக்கு வரும். கிளிஞ்சல் கிண்ணம் அப்போது வேகமாகக் காலியாகும், தினமும் பாருங்கள். போன வருஷம் 12 முட்டை வைத்து 9 பொரித்தது. குஞ்சுகளுக்கு முதல் மூன்று வாரம் 20 சதவீதம் புரதமும், கோழிக்குஞ்சைவிடக் கூடுதலாக நியாசின் என்கிற வைட்டமினும் வேண்டும். இல்லாவிட்டால் கால் வளைந்து உட்கார்ந்துவிடும். அந்த நியாசினுக்காக ப்ரூவர்ஸ் ஈஸ்ட் பொடி கலந்து கொடுக்கிறேன். குஞ்சு வளர்ப்பு தனிக் கதை, இங்கே அது போதும்.

மாசியில் ஒரு மழை விழுந்தால் கிகுயு அடியிலிருந்து துளிர்க்கும். அன்றைக்கே தானியத்தை நிறுத்திவிடாதீர்கள். மூன்று மாதம் தானியத்துக்குப் பழகிய வயிறு இளம்புல்லை ஒரேயடியாகத் தின்றால் கழியும். பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மாலை ஒரு பிடிக்குக் கொண்டுவாருங்கள். கேரட் கூடையை மட்டும் எங்கள் வீட்டில் நிறுத்த முடிவதில்லை. பக்கத்துத் தோட்டத்துத் தம்பியின் பைக் சத்தம் கேட்டாலே ஏழும் வேலிக்கு ஓடிப்போய் நின்று கத்துகின்றன.